நாலணா வாங்கும் கடை

எனக்குப் படிப்பு நாலாம் வகுப்போடு சரி. ஆனால் தெலுங்கு பேசும் இந்த ஊரில், ஏ.எஸ்.ராவ் நகரில் மூன்று மாடி வீட்டை, பேங்க் கடன் ஒரு பைசா இல்லாமல் கட்டியவன் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து அடுத்தவர் கடையில் மூட்டை பிரிக்க வந்த ஆள், பிற்பாடு அதே தெருவில் அந்தக் கடையைவிடப் பெரிதாக ஒன்று போட்டேன். பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் காப்பித்தூள், இட்லி அரிசி, அப்பளம், கோலப்பொடி எல்லாம் நான்தான். தள்ளியிருக்கும் அல்வாலிலிருந்துகூட பஸ் ஏறி வந்து வாங்கிப் போனவர்கள் உண்டு. தெலுங்கில் பேரம் பேசுவேன், இந்தியில் திட்டுவேன், கணக்கு மட்டும் தமிழில் போடுவேன். கால்குலேட்டரைத் தொட்டதில்லை.

வியாபாரத்தில் நான் செய்த கெட்டிக்காரத்தனங்களில் ஒன்று நாலணா.

சர்க்கார் அதைச் செல்லாது என்று சொல்வதற்குப் பல வருஷம் முன்பே இந்த ஊர் சொல்லிவிட்டது. கண்டக்டரிடம் நீட்டினால் நம் முகத்தைத்தான் பார்ப்பார். காய்கறி வண்டிக்காரர் 'நக்கோ' என்று ஒரே வார்த்தையில் வேண்டாமென்று முடித்துவிடுவார். கடைக்காரர்கள் மீதிச் சில்லறைக்குப் பதிலாக மிட்டாயைத் திணித்தார்கள். எல்லோரும் வேண்டாம் என்கிற ஒன்றை நாம் வாங்கினால் என்ன என்று யோசித்தேன். இந்தக் கடையில் நாலணா வாங்கப்படும் என்று மூன்று பாஷையில் அட்டை எழுதித் தொங்கவிட்டேன். எழுதியது நானில்லை, யோசனை என்னுடையது. வீட்டில் உண்டியலில் கிடந்ததையெல்லாம் பெண்கள் அள்ளிக்கொண்டு வந்தார்கள். நாலணாக்களைக் கொட்டிவிட்டுப் போகும்போது அரைக்கிலோ துவரம்பருப்பும் வாங்கிக்கொண்டுதான் போனார்கள். அந்த வருஷம் எதிர்க்கடைக்காரன் ஷட்டரைப் பாதிக்கு இறக்கி வைத்துக்கொண்டு என் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலணாவுக்குத் தெலுங்கில் பாவலா என்று பெயர். என் கடைக்கும் 'பாவலா கடை' என்ற பெயர் வந்துவிட்டது. என் மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நம் பக்கத்தில் பாவ்லா காட்டுவது என்றால் சும்மா நடிப்பது.

"ஆளு யாருன்னு தெரிஞ்சுதான் பேரு வச்சிருக்காங்க" என்றாள்.

வாங்குவது சுலபமாக இருந்தது. கொடுக்கத்தான் ஆளில்லை. என்னிடம் கொண்டுவந்து கொடுத்த அதே பெண்கள், மீதியாகத் திருப்பிக் கொடுத்தால் கையை இழுத்துக்கொண்டார்கள். கோயில் உண்டியலில் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுப் பார்த்தேன். அடுத்த வாரம் அர்ச்சகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எண்ண ஆளில்லை, இனிமேல் நோட்டாகப் போடுங்கள் என்று பணிவாகச் சொன்னார். பழைய இரும்பு வாங்குகிறவன் காந்தத்தை ஒட்டிப் பார்த்து, கிலோ விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றான். அது தப்பு என்று எனக்குத் தெரியும், அனுப்பிவிட்டேன். காலி எண்ணெய் டின்னில் போடப் போட, டின்னை ஒரு ஆள் நகர்த்த முடியாத நிலை வந்தது.

அந்த டின்னிலிருந்து காசு எடுத்தவள் என் மனைவி ஒருத்திதான்.

குலசாமிக்கு ஒண்ணேகால் ரூபாய் முடிந்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மஞ்சளில் நனைத்த துணியில் ஒரு ரூபாயும் ஒரு நாலணாவும் வைத்து, வேண்டுதலைச் சொல்லி முடிச்சுப் போடுவார்கள். நினைத்தது நடந்தபின் முடிச்சோடு கொண்டுபோய்க் கோயிலில் சேர்க்க வேண்டும். நடுவில் பிரிக்கக் கூடாது. ஒன்றரை ஆகாது, இரண்டும் ஆகாது. ஒன்றோடு நின்றுவிடாமல் மேலே வளர வேண்டும் என்பதற்குத்தான் அந்தக் கால் ரூபாய் என்பாள். அவள் முடிந்து வைத்ததெல்லாம் எங்கள் மகனுக்காக.

ஒரே பையன். இன்ஜினியரிங் படிக்கவைத்தேன். கொண்டாப்பூர்ப் பக்கம் கண்ணாடிக் கட்டிடம் ஒன்றில் சாஃப்ட்வேர் வேலை. ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு விடிகாலையில் பஸ் மாறிப் போவான். முதல் சம்பளம் வாங்கிய மாதம், நான் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவன் சம்பளத்தைச் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன். பிறகு அமெரிக்காவில் ஏதோ கவிழ்ந்தது. ஒருநாள் காலை அவன் கழுத்து அட்டையைத் தேய்த்திருக்கிறான், கேட் திறக்கவில்லை. அவனோடு இன்னும் நிறையப் பேர் வெளியே நின்றிருக்கிறார்கள். பை, டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்தார்களாம்.

கொஞ்ச காலம் இன்டர்வியூவுக்கு அலைந்தான். இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று எல்லா இடத்திலும் கேட்டார்கள். நாளாக நாளாக அந்தக் கேள்விக்குப் பதில் கஷ்டமாகிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் போவதை நிறுத்தினான். அதன்பின் மாடிப்படி இறங்குவதையும் நிறுத்தினான். கீழே கடை, இரண்டாவது மாடியில் அவன் அறை. சாப்பாட்டை வாசலில் வைத்தால் எடுத்துக்கொள்வான். தெருவில் யாராவது கேட்டால், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான் என்று என் மனைவி சொல்லக் கற்றுக்கொண்டாள். அவள் அப்படிச் சொல்லும்போது நான் தராசைப் பார்த்துக்கொள்வேன்.

மூட்டை தூக்கியவன் நான். என் உடம்பில் சோம்பல் என்று ஒன்று இருந்ததே இல்லை. ஆள் உட்கார்ந்துவிட்டால் எழுப்பிவிடலாம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், டாக்டரிடம் போவோம் என்றேன். "விடுங்கப்பா" என்பான். கோபமாகச் சொன்னால்கூடத் தேவலை. அசதியாகச் சொல்வான்.

அந்தச் சமயத்தில்தான் நாலணா இனிமேல் செல்லாது, மாசக் கடைசிக்குள் பேங்கில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பு வந்தது. எங்கள் பேங்க் அதிகாரிக்கு என்னை நன்றாகத் தெரியும். நூறு நூறாகப் பையில் கட்டிக்கொண்டு வாருங்கள், எண்ணிக்கை தவறினால் வாங்க மாட்டோம் என்றார். எனக்குள் பொறி தட்டியது. டின் நிறைய நாலணாவை மாற்றி வரும் காசு எனக்குப் பெரிதில்லை, என் ஒருநாள் வியாபாரம் அது. ஆனால் அதை வைத்து அவன் அறைக் கதவைத் திறக்கலாம்.

மாடி ஏறி அவன் அறை வாசலில் நின்றேன்.

"தம்பி, பேங்குல நூறு நூறா கட்டிக் கேக்குறாங்க. எனக்குக் கண்ணு சரியாத் தெரியலப்பா. நீ கொஞ்சம் கீழ வந்தாத்தான் ஆகும்."

என் கண்ணுக்கு ஒரு குறையும் கிடையாது. இன்றைக்கும் அரிசியில் கிடக்கும் கல்லை எட்டி நின்றே சொல்வேன். அவனுக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.  "நாளைக்கு வரேன்" என்றான்.

வந்தான். கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கும் அறையில் சாக்கு விரித்து உட்கார்ந்தான். நான் கையால் ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணிக் காட்டினேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், எழுந்துபோய் எலெக்ட்ரானிக் தராசை எடுத்து வந்தான். நூறு காசை ஒரு தடவை எண்ணி எடை போட்டான். அப்புறம் அந்த எடைக்கு அள்ளி அள்ளி வைத்தான். தேய்ந்த காசுகளால் ஒன்றிரண்டு வித்தியாசம் வரும் என்று ஒவ்வொன்றையும் மறுபடி எண்ணிச் சரிபார்த்தான். இத்தனை வருஷம் தராசோடு வாழ்ந்த எனக்கு இது தோன்றவில்லை.

"உன் மூளையைப் பத்தி நான் அன்னைக்கே சொன்னேன்" என்றேன்.

"என்னைக்குப்பா சொன்னீங்க?" என்றான். சிரித்தது மாதிரிதான் இருந்தது.

மறுநாள் கூப்பிடாமலே இறங்கி வந்தான். அதற்கும் மறுநாள் முகம் மழித்திருந்தான். கடையில் நின்ற ஒரு அம்மா "தம்பி, ஆளையே காணோமே" என்று தெலுங்கில் கேட்டதற்கு, அவனும் தெலுங்கிலேயே பதில் சொன்னான். என் மனைவி பின்கட்டுக்கு மூன்று தடவை காப்பி கொண்டுவந்தாள். குலசாமி கண்ணைத் திறந்துவிட்டது, ஆடியில் கோயிலுக்குப் போய் எல்லா முடிச்சையும் சேர்த்துவிடலாம் என்று என் காதோடு சொன்னாள். அதெல்லாம் சாமி இல்லை, நான் போட்ட திட்டம் என்றேன். சரி, ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கோங்க என்றாள். நாங்கள் அப்படிப் பேசிக்கொண்டு ரொம்ப நாளாகியிருந்தது.

கடைசிப் பைக்குக் காசு குறைந்தது. நான் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். மனைவி காய்கறி வாங்கப் போயிருந்தாள். அவன் மாடிக்குப் போய்விட்டு வந்ததைப் பார்த்தேன். வேலை பார்க்கிறவன் நாலு தரம் ஏறி இறங்கத்தான் செய்வான் என்று சந்தோஷம்தான் பட்டேன்.

பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில், மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் அந்த முடிச்சுகள் இருந்தன. சின்ன வயதில் அவன் அதைப் பார்த்திருக்கிறான். ஆனால் இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, கோடை லீவில் நாலு நாள் ஊருக்குப் போய்வந்த பிள்ளை. அது என்னவென்று நாங்கள் உட்கார்ந்து சொன்னதில்லை. இதெல்லாம் சொல்லிக் கொடுக்கிற விஷயமா, தானாகத் தெரிகிற விஷயம்தானே. சிதறிக் காணாமல் போகக் கூடாதென்று அம்மா சில்லறையைக் கட்டி வைத்திருக்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அவள் திரும்பி வந்தபோது பைகள் எல்லாம் சுவரோரம் வரிசையாக இருந்தன. மஞ்சள் துணிகளை ஒன்றின்மேல் ஒன்றாக, ஓரம் பிசகாமல் மடித்துத் தராசின்மேல் வைத்திருந்தான்.

"அம்மா, லாஸ்ட் பேக்கும் ஃபுல்" என்றான்.

அவள் துணியைப் பார்த்தாள். "இதுக்குள்ள இருந்தது எங்க தம்பி?"

"பிரிச்சுப் போட்டுட்டேன்மா. ஒரு ரூபா தனி, நாலணா தனி. ஏன் இப்படிக் குட்டிக் குட்டியா கட்டி வச்சிருந்தே?"

காய்கறிப் பையோடு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். நான் கடையிலிருந்து எட்டிப் பார்த்தேன், விஷயம் புரிந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன். சில்லறை கைக்குக் கை செலவாகிடக் கூடாதுன்னு சும்மா கட்டி வச்சிருப்பாப்பா, விடு என்றேன். எனக்குப் பொய் உடனே வரும். கடைக்காரனுக்கு வர வேண்டும். ஆனால் அவளுக்கு மகனிடம் அது வராது.

"உனக்காக முடிஞ்சு வச்சதுப்பா" என்றாள். "வெள்ளிக்கிழமைக்கு ஒண்ணு."

அவன் அந்த மஞ்சள் துணி அடுக்கைப் பார்த்தான். எத்தனை துணி என்று அவனுக்குத் தெரியும், மடித்தவனே அவன்தானே.

"எனக்கா? இத்தனையா?"

  அவன் வேலையில்லாமல் இருந்த ஒவ்வொரு வாரத்தையும் அவன் அம்மா துணியில் முடிந்து வைத்திருக்கிறாள், அதை அவனே தன் கையால் எண்ணி அடுக்கியிருக்கிறான். குழாயில் கையைக் கழுவினான். படி ஏறினான். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. ஓங்கிச் சாத்தவில்லை. எப்போதும்போல மெதுவாகத்தான் சாத்தினான்.

திரும்ப முடிந்து வைத்தால் போயிற்று என்றேன் மனைவியிடம். துணி இருக்கிறது, காசு இருக்கிறது. எந்தக் காசாக இருந்தால் என்ன.

"நான் பிரிச்சிருந்தா நான் விழுந்து கும்பிட்டிருப்பேன்" என்றாள். "யாருக்கு வேண்டினேனோ அவனே பிரிச்சுட்டானே. இதுக்கு என்னத்தச் செய்ய?"

 

மாசக் கடைசியில் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு, மாடி ஏறிக் கூப்பிட்டேன். பை கனமாக இருக்கிறது, ஒரு கை பிடி என்றேன். "நீங்க போயிட்டு வாங்கப்பா" என்று உள்ளேயிருந்து சொன்னான். ஆட்டோக்காரரும் நானுமாகத் தூக்கிப் போனோம். பேங்கில் எண்ணிப் பார்த்தார்கள். ஒரு பையில்கூட ஒரு காசு கூடவில்லை, குறையவில்லை. யார் கட்டியது, இத்தனை சுத்தமாக என்று கேட்டார் அதிகாரி. என் மகன், சாஃப்ட்வேர் இன்ஜினியர் என்றேன். அழைத்துக்கொண்டு வந்திருக்கலாமே என்றார். அவனுக்கு வேலை சார், வீட்டிலிருந்தே பார்க்கிறான் என்றேன்.

சொந்த ஊரில் குலசாமி கோயில் பூசாரியிடம் போனில் கேட்டோம். பிரித்தவனைக் கூட்டிக்கொண்டு பெற்றவர்கள் இரண்டு பேரும் வந்து, சன்னதியில் மூவருமாக விழுந்து எழுந்தால் சரியாகிவிடும் என்றார். அவன் வர மாட்டான். அவனை விட்டுவிட்டு நாங்கள் மட்டுமாவது போய்வருவோம் என்று டிக்கெட் எடுத்தேன். புறப்படுகிற அன்று அவள் பெட்டியை மூடிவிட்டு, மாடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவனைத் தனியாக விட்டுப் போக எதற்குப் பயப்படுகிறாள் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அதே பயம்தான். போய் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு வந்தேன்.

இப்போது கல்யாணம், கருமாதி எதுவென்றாலும் ஒருவர் போகிறோம், ஒருவர் வீட்டில் இருக்கிறோம்.