கரண்டியில் இரண்டு எழுத்து

வில்மா ஸ்டோஃபரின் கராஜில் சுவரோரம் சாய்ந்திருக்கும் துப்பாக்கிகள் எல்லாமே சந்தையில் தோற்றவை. ஒன்றின் மேல்பக்கம் பெட்டி மூடி போலத் திறக்கும். இன்னொன்றை இரண்டாக மடித்துக் கோட்டுக்குள் செருகிக்கொள்ளலாம். இன்னொன்றில் தோட்டாக்கள் ராட்டினம் போலச் சுற்றி வரும். எல்லாம் நூறு வருடத்துக்கு முந்தைய ஷாட்கன்கள். ஒரு தடவை நிரப்பிவிட்டு அடுத்தடுத்துச் சுடுவதற்கு ஒவ்வொரு பட்டறையும் ஒவ்வொரு வழியை யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. கடைசியில் ஒரு வழி ஜெயித்தது. மற்றவை பரணுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் போயின. ஜெயித்ததை வில்மா தொட மாட்டாள். "அதுக்குத்தான் ஊரெல்லாம் ஆள் இருக்கே" என்பாள்.

வடக்குப் பென்சில்வேனியாவின் அந்த மலையூரில் வீட்டில் துப்பாக்கி இருப்பதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. மான் வேட்டை தொடங்கும் நாளில் பள்ளிக்கூடமே மூடிக் கிடக்கும். ஆனால் சுடாத துப்பாக்கியைத் தேடி வாங்கி, மாதக்கணக்கில் உட்கார்ந்து அதைச் சுடவைத்து, பிறகு அதைக் கொண்டு ஒரு அணிலைக்கூடக் கொல்லாத பெண்ணைப் பற்றிப் பேசத்தான் செய்தார்கள். வில்மா ஸ்பிரிங் தொழிற்சாலையில் லேத் ஓட்டியவள். கணவன் ஏர்ல் இறந்த பிறகு அவனுடைய படகை விற்றுவிட்டு கராஜுக்கு ஒரு சின்ன லேத் வாங்கிப் போட்டாள். ஏர்லின் தங்கை டொலோரஸ் அன்றைக்குச் சொன்னது இன்னும் ஊரில் உலவுகிறது. "எங்கண்ணன் உயிரோட இருந்தப்ப அவன இவ இவ்வளவு அழகா எண்ணெய் போட்டுப் பாத்துக்கிட்டதில்ல."

ஹாஸ்கெட் என்ற துப்பாக்கி வில்மாவிடம் வந்தது ஒரு பண்ணை ஏலத்தில், கதவுக் கீல்களோடு ஒரே பெட்டியில். ஹாஸ்கெட் பட்டறை சில காலமே நடந்தது. அது செய்த துப்பாக்கிகளில் மிஞ்சியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற துப்பாக்கிகளில் குழலுக்கு அடியிலுள்ள பிடியைப் பின்னால் இழுக்க வேண்டும். இதில் முன்னால் தள்ள வேண்டும். தள்ளினால் குழலின் பின்வாயை மூடியிருக்கும் பின்கதவு கீழே இறங்கும், கரண்டி எனப்படும் ஒரு வளைந்த இரும்புத் துண்டு அடுத்த தோட்டாவை ஏந்தி மேலே தூக்கும். வில்மாவின் ஹாஸ்கெட்டில் அந்தக் கரண்டி இல்லை.

அந்த வட்டாரத்தில் இன்னொரு ஹாஸ்கெட் இருந்தது. தீவனக்கடை ரஸ்ஸல் ஹேக்கன்பர்கின் வீட்டில், கண்ணாடிப் பெட்டிக்குள், பிடி அசையாதபடி செம்புக் கம்பியால் கட்டப்பட்டு. ரஸ்ஸல்தான் பழந்துப்பாக்கிச் சங்கத்தின் தலைவர். கரண்டியின் வடிவத்தை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன் என்று வில்மா கேட்டபோது அவர் தலையாட்டி மறுத்தார்.

"அந்தக் கம்பி எங்கப்பா கட்டினது. அவிழ்க்க மாட்டேன். அதுவுமில்லாம, வில்மா, ஹாஸ்கெட் சுடவே சுடாது. பட்டறைக்காரன் வாய் பெருசு, வேலை ஒண்ணுமில்ல. நீ வீணா மெனக்கெடாதே."

மாதிரியே இல்லாமல் வில்மா கரண்டியைச் செய்தாள். துப்பாக்கியின் உட்சுவரில் பழைய கரண்டி உரசி உரசி விட்டுப்போன தழும்பு இருந்தது. இல்லாத ஒன்றின் உருவத்தை அந்தத் தழும்பிலிருந்து படித்தாள். முதலில் செய்தது வளைந்தது, அடுத்தது உடைந்தது. இரண்டு குளிர்காலம் போயிற்று. பொருந்திய கரண்டியின் மேல்முகத்தில், பின்கதவு திறந்தால் எவர் கண்ணிலும் படும் இடத்தில், தன் பெயரின் இரண்டு முதலெழுத்தையும் அச்சுவைத்து அடித்தாள். பிறகு துப்பாக்கியைப் பழைய டயரில் கட்டி, மரத்துக்குப் பின்னால் நின்று, கயிற்றால் விசையை இழுத்தாள். குழல் வெடிக்கவில்லை. அதன்பிறகே தோளில் வைத்தாள்.

செப்டம்பர் கண்காட்சி தீயணைப்புப் படையின் கூடத்தில் நடந்தது. வாசலில் எல்லாத் துப்பாக்கிகளையும் திறந்து பார்த்து, உள்ளே சுட முடியாதபடி பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கினார்கள். ரஸ்ஸல் ஹாஸ்கெட்டை வாங்கித் திறந்தார். நெடுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா செஞ்சிருக்கே" என்றார், யாருக்கும் கேட்காத குரலில். "இந்த எழுத்த மட்டும் தேச்சு எடுத்துடு. முன்வரிசை மேசை உனக்கு. பழசா புதுசான்னு யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"அப்பிடின்னா இது ஒட்டுப்போட்ட துப்பாக்கி. சங்கத்து விதி உனக்குத் தெரியும். பின்வரிசைதான்."

"பின்வரிசைக்கும் தரை ஒண்ணுதானே, ரஸ்ஸல்."

கழிப்பறைக் கதவையொட்டி ஒரு மேசை கிடைத்தது. வில்மா ஒரு அட்டையில் எழுதித் துப்பாக்கியின் முன் நிறுத்தினாள்: 'கரண்டி வில்மா ஸ்டோஃபர் செய்தது. மற்றதெல்லாம் ஹாஸ்கெட். சுடும்.'

கழிப்பறைக்குப் போனவர்கள் எல்லோரும் படித்தார்கள். கடைசிச் சொல்லில் சிரித்தார்கள். ரஸ்ஸலும் வந்து படித்தார்.

"சுடுமா? பின்னாடி மைதானத்துல மதியம் மண்தட்ட மேல வீசிச் சுடறோம். அஞ்சு தோட்டா, நடுவுல சிக்கக் கூடாது. வர்றியா?"

"அதுக்குத்தானே வந்திருக்கேன்."

காலையிலிருந்து தூறல். இரும்புப் பட்டையைச் சுருளாகச் சுற்றிச் செய்த பழைய குழல் இந்தக் காலத்து வெடிமருந்தைத் தாங்காது. அதனால் கரிமருந்து போட்டுத் தோட்டாக்களை வில்மாவே செய்திருந்தாள். அதுவும் அந்தக் காலத்து வழக்கப்படி காகித உறையில். பிளாஸ்டிக் உறை போதுமே என்று டொலோரஸ்கூடச் சொல்லிப் பார்த்தாள். வில்மா கேட்கவில்லை.

முதல் மண்தட்டு எழும்பியது. வில்மா சுட்டாள். தட்டு தூளானது, வெள்ளைப் புகை மைதானத்தின் மேல் ஒரு போர்வையாகத் தங்கியது. பிடியை முன்னால் தள்ளினாள். காலி உறை துள்ளி வெளியே விழ, கரண்டி அடுத்த தோட்டாவைத் தூக்கியது. பிடியை இழுத்தாள். பாதியில் நின்றுவிட்டது. அழுத்தினாள். அசையவில்லை.

"அட்டையில ஒரு எழுத்து விட்டுப்போச்சு போல" என்றான் வரிசையில் ஒருவன். "சுடும் இல்ல, சுடுமா."

சிரிப்பு அடங்கும்வரை ரஸ்ஸல் காத்திருந்தார். "நான் அப்பவே சொன்னேன். ஹாஸ்கெட் அப்படித்தான்."

வில்மா குழலைத் தரையை நோக்கித் தாழ்த்தி, தோட்டாவைப் பிடுங்கி விரலில் உருட்டினாள். கொழுகொழுவென்று இருந்தது. இரவெல்லாம் பெட்டியை லாரியிலேயே விட்டிருந்தாள். காலையில் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு மழையில் நின்றாள். காகிதம் ஈரம் குடித்து உப்பிவிட்டது. புத்தி உள்ள எவளும் இப்படிச் செய்ய மாட்டாள். பழையபடியே செய்வேன் என்று பிடிவாதம் பிடிப்பவள்தான் செய்வாள்.

"தோட்டா ஊறிப்போச்சு" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "அது என் முட்டாள்தனம். ஹாஸ்கெட்டோடதும் இல்ல, கரண்டியோடதும் இல்ல. மறுபடி வர்றேன்."

"முறை போனா போனதுதான்."

"முறை வேண்டாம், ரஸ்ஸல். வரிசையில கடைசியா நிக்கிறேன். நிக்கக் கூடாதுன்னு விதி இருக்கா?"

இல்லை. லாரியின் பின்பலகையில் உட்கார்ந்து மீதிப் பெட்டியையும் கொட்டினாள். தோட்டாவின் பருமன் பார்க்கும் பித்தளை வளையத்தில் ஒவ்வொன்றாக நுழைத்தாள். நுழையாதவற்றை ஒதுக்கினாள். டொலோரஸ் கூடத்தின் சமையலறையிலிருந்து முட்டைக்கோஸ் நூடுல்ஸ் தட்டோடு வந்தாள்.

"எல்லாரும் சிரிச்சாச்சு. வீட்டுக்குப் போலாம், வா."

"சிரிச்சவங்க இன்னும் இங்கதானே இருக்காங்க. அவங்க போறதுக்குள்ள சுடணும்."

வளையத்தில் நுழைந்தவை ஆறு. மீந்த ஒன்றை டொலோரஸின் ஏப்ரன் பைக்குள் போட்டாள். "மிளகுன்னு நினைச்சு நூடுல்ஸ்ல போட்டுடாதே."

கடைசியாக நின்று சுட்டாள். தள்ளினாள், இழுத்தாள், சுட்டாள். ஐந்தாவது தட்டு எங்கே போனதென்று புகையில் தெரியவில்லை. ஆனால் ஐந்து காலி உறைகளும் ஈரப்புல்லில் கிடந்தன. யாரும் கைதட்டவில்லை. வரிசையில் இருந்த இரண்டு பேர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்கள்.

மாலை மேசைகளை மடக்கும்போது ரஸ்ஸல் வந்தார். கையில் கம்பளியில் சுற்றிய நீளமான பொதி. அதை வில்மாவின் மேசைமேல் வைத்துப் பிரித்தார். அவருடைய ஹாஸ்கெட். செம்புக் கம்பி புதிதாக வெட்டப்பட்டிருந்தது.

"எங்கப்பா காலத்துலயே கரண்டி உடைஞ்சுபோச்சு. யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான் கம்பி."

வில்மா பிடியை மெல்ல முன்னால் தள்ளினாள். உள்ளே பாதிக் கரண்டி இருந்தது. அவள் இரண்டு குளிர்காலம் தழும்பில் தேடிய வளைவு, நிஜமாகவே அங்கே. கண்ணை எடுக்க முடியவில்லை.

"செஞ்சு தருவியா?"

"தர்றேன். மாதிரி இப்பதான் கண்ணுல பட்டிருக்கு. இன்னும் நல்லாவே வரும்."

"எழுத்து வேண்டாம், வில்மா. இது ஒவ்வொரு கண்காட்சியிலயும் எங்கப்பாவோட பேருல முன்மேசையில இருக்கற துப்பாக்கி."

அவள் கம்பளியை இழுத்து, துப்பாக்கியைப் பழையபடி சுற்றினாள். முனைகளைக்கூட ஒழுங்காக மடித்தாள். பிறகு பொதியை மேசையின் அந்தப் பக்கத்துக்குத் தள்ளினாள்.

"நான் செஞ்சதுன்னு சொல்ல வெக்கப்படற இடத்துக்கு நான் செய்யறதில்ல."

ரஸ்ஸல் பொதியை எடுத்துக்கொண்டு முன்வரிசையைக் கடந்து வெளியே போனார்.

"பைத்தியமா நீ?" என்றாள் டொலோரஸ். "அந்தத் துப்பாக்கிய ஒரு தரம் தொறந்து பாக்கணும்னு வருஷக்கணக்கா உருகினியே."

"பாத்துட்டேனே" என்றாள் வில்மா. "அவரு திரும்ப வருவாரு. வரலைன்னாலும் நான் எழுத்த எடுக்கறதா இல்ல."

வில்மா தன் ஹாஸ்கெட்டின் கதவைத் திறந்து எண்ணெய்த் துணியால் துடைத்தாள். கரண்டியில் கரிப்புகை அப்பியிருந்தது. எழுத்துகளின் பள்ளத்தில் படிந்த கரியை நகத்தால் நோண்டி எடுத்தாள்.