ஆரின் ஸ்ப்ரேக் பேசிய ஒரே வசனம்

ஆரின் ஸ்ப்ரேக் தொலைக்காட்சியில் முப்பத்தெட்டு முறை செத்தான். கூரையிலிருந்து உருண்டு செத்தான், ஓடும் குதிரையிலிருந்து விழுந்து செத்தான், ஒரே தொடரில் ஒரே வருடத்தில் ஏழு வெவ்வேறு பெயர்களில் சுடப்பட்டும் செத்தான். நிஜத்தில் செத்தது ஒரு தடவைதான். 1971 மார்ச் மாதம், லோன் பைன் அஞ்சலகத்துப் படியில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்களாம். எத்தனையோ தடவை அவன் அப்படிச் சாய்ந்து எழுந்து தொடையைத் தட்டிக்கொண்டதைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்தச் சிரிப்பை அவன் மனைவி வெல்டா இன்றுவரை மன்னிக்கவில்லை.

வெல்டாவுக்கு இப்போது அறுபத்தொன்பது வயது. அவள் வாழ்க்கைப்பட்டபோது லோன் பைன் ஒரு கடைத்தெருவும் அதற்கு மேற்கே கொஞ்சம் பாறைக் குன்றுகளும்தான். அந்தப் பாறைகளை நம்பி லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வாராவாரம் கௌபாய்ப் படப்பிடிப்பு வண்டிகள் வரும். ஒரு வாரம் அந்தப் பாறையை டெக்சஸ் என்பார்கள், மறுவாரம் மெக்சிகோ என்பார்கள், பாறை மறுப்புச் சொல்லாது. ஆரின் குதிரைக்காரன். குதிரைகளைக் கொண்டுவந்து நிறுத்துவான், யாராவது விழ வேண்டுமென்றால் விழுவான்.

வெல்டா காப்பிக் கடையில் பரிமாறுகிறவள். திரையில் வந்த அத்தனை பேரும் அவள் கையால் வாங்கிச் சாப்பிட்டவர்கள். 'சால்ட் க்ரீக்' தொடரில் ஷெரீஃபாக வந்த டேன் ஹோல்கம், குதிரைக்காரர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். ஊரையே கொளுத்துகிற வில்லன் லூதர் கேன், இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கு கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த ஆட்கள் ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாலே போதும், இனி ஏதோ நடக்கப் போகிறது என்று தெரிந்துவிடும். இன்று நடிக்க வருகிறவர்களுக்கு நடக்கவே தெரியவில்லை என்பது வெல்டாவின் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

ஆரினின் புகைப்படங்கள் அவளிடம் ஒரு பெட்டி நிறைய உண்டு. வீட்டில் எடுத்த படச்சுருள் இரண்டு, இரண்டும் ஊமை. இல்லாதது குரல் ஒன்றுதான். வீட்டுக்கு வீடு குரலைப் பதிந்து வைக்கும் காலம் வருவதற்குள் அவன் போய்விட்டான். ரொம்ப வருடம் அது ஒரு குறையாகவே தெரியவில்லை, ஏனென்றால் குரல் அவள் காதுக்குள்ளேயே இருந்தது. கோவேறு கழுதை உதைத்து முன்பல் போன ஆள் ஆரின். 'ஸ' வருகிற இடமெல்லாம் விசில் அடிக்கும். புழுதி தின்ற தொண்டை, அவ்வளவு பெரிய உடம்புக்குப் பொருந்தாத கீச்சுக் குரல்.

ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவன் சொன்ன ஏதோ ஒன்றை நினைத்துச் சிரிக்கப் போனாள். வார்த்தை வந்தது, ஓசை வரவில்லை. விசில் அடிக்கும் என்பது தெரிந்தது, விசில் கேட்கவில்லை. கை ஈரத்தோடு அப்படியே நின்றாள். அதற்குப் பிறகு எப்போதாவது கண் அயரும்போது ஒரு சொல், அரைச் சொல் காதில் விழும், எழுந்து உட்கார்வதற்குள் போய்விடும். அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. உடம்பைப் புதைத்தபோதுகூட அவள் அந்த மாதிரி பயந்ததில்லை.

அப்போதுதான் அந்த வசனம் நினைவுக்கு வந்தது.

1959 இலையுதிர் காலத்தில் ஒருநாள், 'சால்ட் க்ரீக்' படப்பிடிப்பில் குதிரை லாயக்காரனாக நடிக்க வந்தவன் வெயில் தாங்காமல் மயங்கி விழுந்துவிட்டான். டைரக்டர் சுற்றும் முற்றும் பார்த்து ஆரினைக் கை காட்டினார். அன்று சாயங்காலம் காப்பிக் கடைக்குள் அவன் நுழைந்த தினுசைப் பார்த்து, எலும்பு ஏதோ முறிந்துவிட்டது என்றே வெல்டா நினைத்தாள்.

"இன்னிக்கு நான் சாகல புள்ள. பேசினேன்."

"பேசினியா? என்ன பேசின?"

"'அவன் தெக்க போயிட்டான் ஷெரீஃப். அவன் குதிரை நொண்டுது.' இதான். என் மூஞ்சிக்கு நேரா கேமரா."

"ஒருத்தனைக் காட்டிக் குடுத்திருக்க. உன் மூஞ்சிக்கு வேற என்ன குடுப்பாங்க."

அந்தப் பகுதி ஒளிபரப்பானபோது ஊரில் யாரும் பார்க்கவில்லை. மலைகள் சுற்றி நின்று அலைகளை மறித்துக்கொண்டிருந்த காலம் அது, பெட்டியில் மணல் கொட்டுவதுதான் தெரியும். பல வருடம் கழித்துக் கம்பி வழியாகத் தொலைக்காட்சி வந்து, பிற்பகல்களில் பழைய தொடர்களையெல்லாம் மறுபடி போடத் தொடங்கினார்கள். வெல்டா நாள் தவறாமல் உட்கார்ந்தாள். அந்தப் பகுதியும் வந்தது. ஷெரீஃப் லாயத்து வாசலில் இறங்குகிறார். கதவில் கை வைக்கிறார். அடுத்த நொடி தெற்குச் சாலையில் பறந்துகொண்டிருக்கிறார். தெற்கு என்று அவருக்குச் சொன்னது யார்? யாருமில்லை. கூடுதல் விளம்பரத்துக்கு இடம் வேண்டுமென்று மூன்று நிமிடத்தை வெட்டி எறிந்திருந்தார்கள். அந்த இடத்தில் ஒரு பெண் பல் தேய்த்துவிட்டுச் சிரித்தாள், வெல்டா அழுதாள்.

எங்கள் ஊரில் வருடா வருடம் அக்டோபரில் ரசிகர்கள் கூடுவார்கள். தொப்பியும் பூட்ஸுமாக எங்கெங்கிருந்தோ வந்து, பள்ளிக்கூட அரங்கில் பழைய பகுதிகளைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள். சாதாரண ரசிகர்கள் அல்ல. திரையில் பெயர் போடாத ஒருவன் தலை காட்டினால் போதும், அரங்கமே அவன் பெயரைச் சத்தமாகச் சொல்லும். எழுத்தில் கிடைக்காத மரியாதையை வாயால் கொடுப்பது அவர்கள் வழக்கம். வெள்ளைக் கால் உள்ள ஒரு சிவப்புக் குதிரை இரண்டு தொடர்களில் வந்ததா, அது இரண்டு குதிரையா என்று ஒரு வருடம் முழுக்கக் கடிதம் எழுதிச் சண்டை போட்டவர்கள். இவர்களுக்குத் தலைமைக் கணக்கர் மாதிரி டாயில் ரென்ஃப்ரோ. பேக்கர்ஸ்ஃபீல்டில் குழாய் வேலை செய்கிறவர். முதுகு காட்டி ஓடுகிறவன் சுடப்பட்டு விழுந்தால், விழுகிற தினுசைப் பார்த்தே ஆள் பெயர் சொல்லிவிடுவார். ஆரினின் முப்பத்தெட்டு சாவையும் பட்டியல் போட்டு வைத்திருப்பவர் அவர்தான்.

வெல்டா அவரிடம் போனாள்.

"டாயில், எனக்கு மூஞ்சி வேண்டாம்ப்பா, அது என்கிட்ட நிறைய இருக்கு. குரல் வேணும்."

"வெட்டாத சுருள் எங்கயாச்சும் இருக்கும்மா. எவனாவது கட்டிலுக்கு அடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். நம்ம ஆளுங்க எதையும் தூக்கிப் போட மாட்டாங்க. பொறுமையா தேடுவோம்."

"பொறுமையா தேட நேரமில்ல. தினம் கொஞ்சம் கொஞ்சமா போயிட்டே இருக்கு."

"என்னம்மா போகுது?"

"அவருதான்."

டாயில் அன்றிரவே தொடங்கினார். மூன்று வருடம் கடிதம் எழுதினார். கடைசியில் நெப்ராஸ்காவில் ஒரு கிழவர், முழுச் சுருள் தன்னிடம் இருப்பதாகப் பதில் போட்டார். இந்த அக்டோபரில் ஒரே ஒரு தடவை ஓட்டலாம், நகல் எடுக்கக் கூடாது, மறுநாளே திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று நிபந்தனை. அந்தக் கடிதத்தை டாயில் போனில் படித்துக் காட்டியபோது வெல்டா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். அன்றிலிருந்து சாப்பாடு சரியாக இறங்கவில்லை. அதுவரை செத்துத் தொலைந்துவிடக் கூடாதே என்று மாத்திரைகளை மட்டும் வேளை தவறாமல் விழுங்கினாள்.

காட்சி சனிக்கிழமை மதியம். பக்கத்து வீட்டு ஃபெய் தன் வண்டியில் கூட்டிப்போனாள். ஃபெய் இந்த ஊருக்குக் குடிவந்து பத்து வருடம்தான் ஆகிறது, ஆரினைப் பார்த்தவள் இல்லை. எல்லோரும் நடு வரிசையில் உட்கார, வெல்டா நேராக முன்னால் போய் ஒலிபெருக்கியின் வாய்க்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இங்க உக்காந்தா படம் கோணலா தெரியும்டி. காதும் போயிரும்."

"படம் எனக்கு எதுக்கு. நீ வேணா அங்க போய் உக்காரு."

ஃபெய் போகவில்லை, முனகிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள். விளக்கை அணைப்பதற்கு முன் டாயில் எழுந்து நின்று, ஆரின் பெயரைச் சொன்னதும் எல்லோரும் வாயை மூடிவிட வேண்டும், இருமக்கூடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

படம் ஓடியது. ஷெரீஃப் லாயத்து வாசலில் இறங்கினார். கதவில் கை வைத்தார். இந்தத் தடவை கதவு திறந்தது. உள்ளே வைக்கோல் அள்ளும் முள்கரண்டியோடு ஆரின் நின்றுகொண்டிருந்தான், முப்பத்திரண்டு வயது, தொப்பி பின்னால் தள்ளி, சாவதற்கு எந்த உத்தேசமும் இல்லாமல். அறுபது பேர் ஒரே குரலில் "ஆரின் ஸ்ப்ரேக்" என்றார்கள். சொல்லிவிட்டு அப்படியே அடங்கினார்கள். வெல்டா கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று நினைத்து, மூடாமல் இருந்தாள். அவன் வாயைத் திறந்தான்.

"அவன் தெக்க போயிட்டான் ஷெரீஃப். அவன் குதிரை நொண்டுது."

அடிவயிற்றிலிருந்து எழும்பிய கனத்த குரல். ஒவ்வொரு எழுத்தும் நறுக்கு நறுக்கென்று விழுந்தது. லாயத்துக்குள் வேறு யாரோ இருக்கிறார்கள் என்றுதான் வெல்டாவுக்கு முதலில் தோன்றியது, அவன் தோளுக்குப் பின்னால் தேடினாள். யாரும் இல்லை. வாய் ஆரினின் வாய்தான், பல் போன இடம்கூடத் தெரிந்தது. ஆனால் அந்த வாய் மூடிய பிறகும் அரைச் சொல் மிச்சம் இருந்து ஒலித்து முடிந்தது. ஷெரீஃப் குதிரையைத் திருப்பினார், தெற்கே போனார், ஆரின் முடிந்துபோனான்.

வெளியில் எடுக்கும் காட்சிகளில் காற்று அடித்துப் பேச்சு கெட்டுவிடும். லாஸ் ஏஞ்சலிஸ் திரும்பியதும் ஸ்டூடியோவில் வேறு யாரையாவது ஒலிப்பதிவுக் கூண்டுக்குள் உட்கார வைத்துப் பேசவைத்து ஒட்டிவிடுவார்கள். இரண்டு வரிக்காக ஒரு குதிரைக்காரனை இருநூறு மைல் யார் கூப்பிடுவது? இது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வெல்டாவுக்குத் தெரியும். டாயிலுக்கும் தெரியும். முதுகைப் பார்த்து ஆள் சொல்கிறவர்கள், குதிரையின் காலைப் பார்த்துப் பெயர் சொல்கிறவர்கள், மூன்று வருடத்தில் ஒருவருக்காவது இது தோன்ற வேண்டுமே. கண்ணாலேயே காதலித்துப் பழகியவர்கள், காதை மறந்துவிட்டார்கள். பாவம், ஆரினுக்கும் கடைசிவரை தெரியாது. தன் குரல் நாடெல்லாம் கேட்டது என்ற பெருமையோடுதான் அந்தப் படியில் சாய்ந்தான்.

விளக்கு வந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். டாயில் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"கேட்டீங்களாம்மா?"

வெல்டா அவரைப் பார்த்தாள். மூன்று வருடக் கடிதங்கள் அந்த முகத்தில் இருந்தன.

"கேட்டேன்ப்பா."

"என்ன குரல்மா அது. இன்னும் நாலு வசனம் குடுத்திருந்தா அந்த ஆளு எங்கயோ போயிருப்பாரு. பாவிங்க."

"குடுத்திருக்கலாம்."

அவர் பட்டியலைப் பிரித்து, முப்பத்தெட்டுச் சாவுக்குக் கீழே 'கணீர்க் குரல்' என்று எழுதிக்கொண்டார். எழுதுவதை வெல்டா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுதியதை அவர் அடித்துவிட்டிருப்பார். சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை, தெம்பும் இல்லை.

வண்டியில் ஏறிக் கடைத்தெருவைத் தாண்டிய பிறகுதான் வாய் திறந்தாள்.

"அது அவரு குரல் இல்ல, ஃபெய்."

ஃபெய் கொஞ்ச தூரம் ஓட்டினாள். "நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. ஞாபகத்துல இல்லன்னுதானே நீ இத்தனை நாளா அழுத? இல்லாத ஒண்ணை வெச்சுக்கிட்டு இது அது இல்லன்னு எப்படிச் சொல்ற? ஒருவேளை இதுதானோ என்னவோ."

"பல்லு இல்லாத ஆளுடி அவரு. விசில் அடிக்கும்."

"எப்படி அடிக்கும்? செஞ்சு காட்டு."

வெல்டா உதட்டைக் குவித்தாள். நாக்கைப் பல்லில் வைத்துப் பார்த்தாள். வெறும் காற்று வந்தது. மறுபடி முயன்றாள். ஃபெய் சாலையைப் பார்த்துக்கொண்டு, "இதையே அவருன்னு வெச்சுக்கயேன். நல்ல குரலாத்தானே இருக்கு," என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

வெல்டா கண்ணை இறுக மூடினாள். சும்மா ஏதாவது ஒன்று போதும், தினம் காலையில் சொன்னது போதும் என்று உள்ளே கூப்பிட்டாள். அவன் வந்தான். அடுக்களை வாசலில் தொப்பியோடு நின்றான், சட்டையில் வைக்கோல், அதே பல் போன சிரிப்பு. வாயைத் திறந்தான். "காப்பி ஆறிப் போகுது புள்ள," என்றான், அடிவயிற்றிலிருந்து, ஒவ்வொரு எழுத்தும் நறுக்கு நறுக்கென்று. மறுபடியும் சொன்னான். அதே குரலில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

"நிறுத்து," என்றாள் வெல்டா.

ஃபெய் பயந்துபோய் வண்டியை ஓரம் கட்டினாள்.

"உன்னச் சொல்லலடி," என்றாள் வெல்டா.