கொழுந்து நிறுக்கும் இடம்

ரோசம்மாவுக்குப் பைத்தியம் என்று கடத்தூரில் யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, முதுகுக் கூடையை நிறுத்துக் கூலி வாங்கி வளர்ந்தவள் அவள். எழுபத்திரண்டாம் வருஷம், உங்கள் நாட்டுக்குப் போங்கள் என்று அவளையும் புருஷன் சவரியையும் கப்பலேற்றி விட்டார்கள். மகள் தெரசா மட்டும் அங்கே கல்யாணமாகி அங்கேயே நின்றுவிட்டாள். சவரியின் பாட்டன் பிறந்தது கடத்தூர்ப் பக்கம் என்று கேள்வி. அதை நம்பி எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தார்கள். சொந்தம் என்று ஒரு ஆள் அகப்படவில்லை.

ஊரில் தீர்த்தகிரி என்பவரின் துவரங்காட்டில் களை வெட்டக் கூப்பிட்டார்கள், போனாள். மத்தியானம் பார்த்தால் துவரைச் செடியெல்லாம் மொட்டையாக நிற்கிறது. இரண்டு கையாலும் கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டே போயிருக்கிறாள். முதுகில் கூடை இல்லை என்பது அவளுக்குத் தெரியவே இல்லை.

"இந்தப் பொம்பளைய இனிமே வெளிய வுடாதய்யா" என்றார் தீர்த்தகிரி.

மறுநாளிலிருந்து சவரி கல்லுடைக்கப் போகும்போது கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனான். நான் சண்டை பிடித்தேன்.

"ஊரே சிரிக்குதுக்கா. அடிச்சுப்புட்டாங்கன்னா நான் என்ன செய்யிறது?" என்றான்.

ஜன்னல் கம்பி வழியாக முருங்கைக் கொப்பு கொடுப்பேன். ஒரு இலை விடாமல் உருவிக் கொடுத்துவிடுவாள். சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் வேலை மிச்சம்.

"அக்கா, இங்க குளிரே இல்லியே. மூச்சு முட்டுது" என்பாள். "தெரசா பிள்ளைய யாரு பாத்துக்குவாங்க?"

கதவைத் திறக்கச் சொல்லித் தினமும் கெஞ்சினாள். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் ஒரு நாள் சவரி மனம் இளகினான். "ஞாயித்துக்கெழம கோயிலுக்குக் கூட்டிப் போறேன். கை சும்மா இருந்துச்சின்னா, அப்புறம் பூட்டு கெடையாது."

அந்த வாரம் முழுக்கக் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். முருங்கைக் கொப்பைக்கூட வேண்டாமென்றாள்.

வருஷத்தில் அத்தனை ஞாயிறு இருக்க, பாவி மனுஷன் குருத்தோலை ஞாயிறாகப் பார்த்துக் கூட்டிப்போனான். அவனுக்கும் ஞாபகமில்லை, கூடப் போன எனக்கும் உறைக்கவில்லை. மாதா கோயில் வாசலில் ஆளுக்கொரு குருத்தோலை கொடுத்தார்கள். பவனி நகர்ந்தது. முன்னால் போனவர்கள் கையிலெல்லாம் இளங்குருத்து ஆடியது.

கொஞ்ச தூரம் கையை முந்தானைக்குள் இறுக்கிக்கொண்டுதான் நடந்தாள். நான் பார்த்தேன். அப்புறம் ஒரு கை வெளியே வந்தது. இன்னொரு கையும் வந்தது. முன்னால் போனவர்களின் ஓலை நுனியை நகத்தால் கிள்ளித் தோளுக்குப் பின்னால் போட ஆரம்பித்துவிட்டாள். பின்னால் வந்த பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்களும்தான் சிரித்தார்கள்.

சவரி அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். அவன் தோளிலிருந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் விரித்து, அவள் முதுகுக்குப் பின்னால் ஏந்திக்கொண்டு நடந்தான். கிள்ளியதெல்லாம் துண்டில் விழுந்தது. ஒருவரும் அப்புறம் சிரிக்கவில்லை.

கோயில் படி ஏறும்போது ரோசம்மா திரும்பித் துண்டைப் பார்த்தாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

"நெறைஞ்சிருச்சுங்க. எங்கங்க நிறுக்கிறாங்க?" என்று கேட்டாள்.

சவரி துண்டோடு அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது பூட்டத்தான் பூட்டினான். நான் அன்றைக்குச் சண்டை பிடிக்கவில்லை.