நானூறு கிராம்

விலை கூடிய சைக்கிள் பாகங்கள் கொடுக்கிற காசுக்குப் பெறுமதியா என்று என்னிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். உலோகத்தையும் காபன் நாரையும் முறித்துப் பார்க்கும் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். பனி இல்லாத மாதங்களில் வேலைக்குச் சைக்கிளில் போகிறேன். ஆகவே எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். தெரியும்தான், ஒழுங்காகவே சொல்வேன். முதலில் டயர், அதில் போடும் காசு வீண்போகாது. அடுத்தது பிரேக். பிறகு உங்கள் முதுகுக்குப் பொருந்தும் இருக்கை. கியரில் நடுத்தர விலைக்கு மேல் கொடுப்பது பெரும்பாலும் பெயருக்குக் கொடுப்பது. காபன் சில்லு, அந்தப் பாரம் குறைந்த சக்கரம், கடைசி. போட்டிக்கு ஓடுபவர் என்றால் வாங்குங்கள். இல்லையென்றால் காலையில் ஒரு கோப்பியைக் குறைத்தாலே அந்தப் பாரம் குறைந்துவிடும்.

கேட்டவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். காபன் சில்லைப் பற்றி எனக்கு இன்னும் ஒன்று தெரியும். அது மதியச் சாப்பாட்டு மேசையில் சொல்லக்கூடியதல்ல.

எனக்கு அப்போது பதினொரு வயது. கனடாவில், ரொறன்ரோவின் மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் வீதிக்குக் கிட்ட இருந்தோம். ஊரில் அப்பா படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். வருடம் தோறும் ஒரு மண்டபத்தில் இராப்போசனம் வைத்து, மேடையில் பாட்டுப் பாடி, மிஞ்சிய காசில் ஊருக்கு ஏதாவது செய்வார்கள். அந்த வருடம் சங்கத்தில் பாதிப் பேருக்கு டொக்டர்மார் சீனி என்றும் கொழுப்பு என்றும் சொல்லியிருந்தார்கள். எனவே சங்கத் தலைவர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். அவரை நாங்கள் தலைவர் அங்கிள் என்றுதான் சொல்வோம். எல்லோரும் மில்லிக்கனில் இருந்து விட்பி ஏரிக்கரை வரை சைக்கிள் ஓடுவது. ஓடப்போவதாகச் சொல்லித் தெரிந்தவர்களிடம் காசு சேர்ப்பது. அந்தக் காசில் வன்னியில் தூரம் நடந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுப்பது. பாரமும் குறையும், புண்ணியமும் சேரும். கூட்டத்தில் எல்லோரும் கை தட்டினார்கள்.

வன்னியில் அப்படி நடக்கிறவர்களில் ஒருத்தி என் மச்சாள். அப்பாவின் தங்கை, என் மாமி, கிளிநொச்சிக்கு அப்பால் ஒரு குடியேற்றத்தில் இருந்தார். அவருடைய மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். கிட்ட இருந்த பள்ளிக்கூடம் சண்டைக்குப் பிறகு திறக்கவே இல்லை. பெரிய வீதியில் இருந்த பள்ளிக்கூடத்துக்குத் தன் தம்பியையும் கையில் பிடித்துக்கொண்டு அவள் நடந்தாள். அவன் சின்னவன், பாதி வழியில் குந்திவிடுவான். பிறகு அவள் அவனைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். முதல் பாடம் கணக்கு. அவள் போய்ச் சேரும்போது பெரும்பாலும் அது முடிந்திருக்கும். அப்படியிருந்தும், ஞாயிறு காலையில் நாங்கள் வீடியோவில் பேசும்போது ஒருவருக்கொருவர் கணக்கு விடுவோம். முதலில் விடை சொல்பவள் அவள்தான்.

திட்டத்தைக் கேள்விப்பட்டதும் மாமி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அண்ணை, பிள்ளையின்ர பேரும் அதில வருமோ?"

"உவளுக்கு இல்லாமல் வேற ஆருக்கு? முதல் பேரே உவளின்ரதான்," என்றார் அப்பா.

உடனே மச்சாளின் முகம் தொலைபேசித் திரையை நிறைத்தது. "கலர் கேப்பினமோடி? கறுப்பெண்டால் ஊத்தை தெரியாது."

"பிளாக் தானே? ஓகே, நான் அப்பாட்டச் சொல்றன்," என்றேன், கொள்முதல் அதிகாரி மாதிரி. அடுத்த கிழமை பக்கத்து வீட்டுக்காரரின் சைக்கிளில் ஓடிப் பழகியதையும், விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டதையும் சொல்லி, காயத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்து காட்டினாள். அவளுடைய தலைமை ஆசிரியருக்கும் பெயர்ப்பட்டியல் போயிருந்தது.

இங்கே அப்பாவும் பழகினார். பிளாசாவில் ஒரு பெரிய கடையில் மலிவாக ஒரு சைக்கிள் வாங்கிக்கொண்டு முதலாவது பயிற்சிக்குப் போனார். தலைவர் அங்கிள் காபன் சைக்கிளில் வந்திருந்தார். அவர் அப்பாவின் சைக்கிளை ஒரு தரம் தூக்கிப் பார்த்து, "என்ன காணும், வீட்டுக் கேற்றைக் கழட்டிக்கொண்டு வந்திட்டீரோ?" என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்களாம். அதை வீட்டுக்கு வந்து அப்பாவே சொன்னார், தானும் சிரித்தபடி. அந்தச் சிரிப்பு எவ்வளவு செலவு வைக்கப் போகிறது என்று அம்மாவுக்கு மட்டும் விளங்கியிருக்க வேண்டும். சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்.

பிறகு பொருட்கள் வரத் தொடங்கின. ஒட்டிப் பிடிக்கும் காற்சட்டை. பெடலில் கொழுவும் சப்பாத்து. புதுச் சைக்கிள். கடைசியாக ஒரு பெரிய, பாரமே இல்லாத பெட்டி. அதற்குள் துணிப் பையில் சுற்றிய இரண்டு காபன் சில்லுகள். அவற்றின் விலையை அப்பா மெதுவாகச் சொன்னார். அம்மா சத்தமாகத் திருப்பிச் சொன்னார்.

அன்று பின்னேரம் அப்பாவும் நானும் அம்மாவின் கேக் தராசை எடுத்து, அதன்மேல் ஒரு சட்டியைக் கவிழ்த்து, பழைய சில்லுகளையும் புதியவற்றையும் ஒவ்வொன்றாகப் படுக்கவைத்து நிறுத்தோம். சட்டியின் பாரத்தைக் கழிக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். அப்பா என் முதுகில் தட்டினார். வித்தியாசம் நானூறு கிராமுக்குக் கொஞ்சம் கூட. என் வாழ்க்கையின் முதல் பரிசோதனை அது. நான் எஞ்சினியர் ஆனதற்குக் காரணம் கேட்டால் இப்போதும் அந்தச் சட்டியைத்தான் சொல்ல வேண்டும்.

"நகைக்கடையில பாரம் கூடினால் விலை கூடும்," என்றார் அம்மா, அடுப்படியில் நின்றபடி. "உங்கட கடையில மட்டும் குறையக் குறைய ஏறுது."

"உமக்கு உது விளங்காது. நிக்கிற பாரம் வேற, உருளுற பாரம் வேற."

அப்பா சொன்னது பிழையில்லை. பிறகு பல்கலைக்கழகத்தில் அதற்குரிய சமன்பாட்டைப் படித்தேன். ஆனால் அவர் சொன்ன அளவுக்கு உண்மையுமில்லை.

ஓட்டத்துக்கு முதல் கிழமை எங்கள் வீட்டு பேஸ்மென்டில் கூட்டம். மேலே அம்மா றோல்ஸ் பொரித்தார். நான் தட்டில் வைத்துக் கீழே கொண்டுபோனேன். யார் யாருக்குச் சைக்கிள் என்று பெயர்கள் வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. மச்சாளின் பெயர் வந்தது.

"இது உம்மட தங்கச்சியின்ர பிள்ளையெல்லோ?" என்றார் தலைவர் அங்கிள். "எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் நாளைக்கு ஒருத்தன் ஃபேஸ்புக்கில எழுதுவான், செயலாளர் சனத்தின்ர காசில தன்ர வீட்டுக்குச் சைக்கிள் வாங்கினவர் எண்டு."

அப்பா ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"அந்தப் பேரை வெட்டுங்கோ."

"சீச்சீ, நான் சும்மா சொன்னனான்."

"இல்லை, வெட்டுங்கோ. எங்கட பக்கத்தில ஒரு கறுப்புப் புள்ளி விழக்கூடாது."

யாரோ "அதுதான் மனிசன்" என்றார். இன்னொருவர் எழுந்து அப்பாவின் கையைக் குலுக்கினார். தட்டுடன் நின்ற எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பள்ளிக்கூடத்தில் நேர்மை பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் எழுத எனக்கொரு உதாரணம் கிடைத்துவிட்டது.

அன்று எல்லோரும் போனபிறகு அம்மா கேட்டார், "சங்கம் குடுக்காட்டில் என்ன, நாங்கள் தனிய ஒண்டு வாங்கிக் குடுப்பமே? அங்க என்ன பெரிய விலையே?"

"குடுப்பம், குடுப்பம். முதல்ல உந்தச் சில்லு எடுத்த கிரடிட் காட் முடியட்டும்."

ஓட்டம் ஒரு சனிக்கிழமை. பிளாசா வாகனத் தரிப்பிடத்தில் தேங்காய் உடைத்து, ஒரே நிற ஜேர்சியில் படம் எடுத்துப் புறப்பட்டார்கள். தண்ணீரும் வாழைப்பழமும் ஏற்றிய வான் வண்டியில் அம்மாவும் நானும் பின்னால் போனோம். விட்பிக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பள்ளத்தில் அப்பாவின் முன்சில்லு இறங்கிக் காற்றுப் போனது.

காபன் சில்லின் விளிம்பு ஆழமானது. அதற்குப் போடும் ரியூப்பின் வால்வு நீளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெளியே தலை நீட்டாது, காற்றடிக்க முடியாது. இதைச் சில்லு விற்றவர் சொல்லவில்லையோ, அப்பா கேட்கவில்லையோ, தெரியாது. கூட வந்தவர்களிடம் இருந்த ரியூப் எல்லாம் சாதாரண வால்வு. நீளமானது தலைவர் அங்கிளிடம் மட்டும்தான். அவர் எப்போதோ முன்னால் போய்விட்டார்.

"செயலாளர், உம்மட சில்லுக்குக் காத்தும் ஸ்பெசலா ஓடர் குடுக்கோணும் போல!" என்று சொல்லிவிட்டு மற்றவர்களும் போனார்கள்.

அப்பா வீதியோரப் புல்லில் இருந்தார். அம்மா வானை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"பாரம் குறைவுதானே. தோளில வைச்சுக்கொண்டு நடவுங்கோவன்."

கடைசியில் சைக்கிளை வானில் ஏற்றினோம். ஏரிக்கரைக்கு ஒரு திருப்பம் இருக்கும்போது அப்பா நிறுத்தச் சொன்னார். இறங்கி, ஹெல்மெட்டைப் போட்டு, முகத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்க் கூட்டத்தில் நின்றார். அந்தப் படம் இங்கத்தைய தமிழ்ப் பத்திரிகையில் வந்தது. உற்றுப் பார்த்தால் முன்சில்லு தட்டையாக இருப்பது தெரியும். யாரும் உற்றுப் பார்க்கவில்லை. ஜேர்சி, மண்டபம், கேடயம் எல்லாம் போக மீதி ஊருக்குப் போனது.

அங்கே பள்ளிக்கூட மண்டபத்தில் சைக்கிள்கள் கையளிக்கப்பட்டன. அந்த வீடியோவை எங்கள் தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தோம். பெயர் கூப்பிடப்பட்டவர்கள் ஒவ்வொருவராகப் போக, மற்றப் பிள்ளைகள் வரிசையில் நின்று கை தட்டினார்கள். மச்சாளும் தட்டினாள். வேறு யாரையும்விடச் சத்தமாகத் தட்டியது மாதிரி எனக்குத் தோன்றியது.

கிரடிட் காட் முடிந்ததா என்று எனக்குத் தெரியாது. அடுத்த வருடம் அப்பாவின் சைக்கிளுக்குப் புதுக் கியர் வந்தது. அதற்கடுத்த வருடம் மச்சாள் பள்ளிக்கூடத்தை விட்டாள். பின்னேர வகுப்பு முடிந்து நடந்து வர இருட்டிவிடுகிறது, குமர்ப்பிள்ளை, வேண்டாம் என்று மாமி முடிவு செய்தார். இப்போது அவள் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் கொலர் தைக்கிறாள். அந்தத் தொழிற்சாலை ஆட்களை ஏற்றப் பஸ் அனுப்புகிறது. அது வாசலுக்கே வரும். "அவளுக்குப் படிப்பில அவ்வளவு விருப்பமில்லை" என்று அப்பா ஆட்களிடம் சொல்லக் கேட்டிருக்கிறேன். சில்லுகள் எங்கள் கராஜ் சுவரில் தொங்குகின்றன. இப்போது வாங்குவதென்றால் அது என்ன விலை தெரியுமா என்று இடைக்கிடை சொல்வார்.

ஆனால் இவற்றையெல்லாம்விட எனக்கு நினைவில் நிற்பது அந்தக் கையளிப்புக்கு அடுத்த ஞாயிறு. அப்பா மாமியுடன் நேரம் எடுத்துப் பேசினார். பெயர் கெட்டுப்போகும் என்றார், அடுத்த முறை கட்டாயம் என்றார்.

"பரவாயில்லை அண்ணை," என்றார் மாமி. "எடுத்ததுகளும் எங்கட பிள்ளையள்தானே."

பிறகு தொலைபேசி என் கைக்கு வந்தது. மச்சாளின் முகம் வழக்கம்போல உடனே திரையை நிறைக்கவில்லை. மாமி இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் வந்தாள். கணக்கு விடவா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். அவளைச் சந்தோசப்படுத்த ஏதாவது காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. என்னிடம் இருந்ததிலேயே பெரிய அதிசயம் எதுவென்று யோசித்தேன். கராஜுக்கு ஓடினேன். அப்பா கழற்றி வைத்திருந்த முன்சில்லை ஒரு விரலில் கொழுவித் தூக்கி, தொலைபேசிக்கு முன்னால் பிடித்தேன்.

"பாரடி, ஒரு விரல்தான்! பழையதைவிட எவ்வளவு லைட் தெரியுமோ? ரெண்டு சில்லிலயும் சேர்த்து நானூறு கிராம்!"

அவள் பார்த்தாள். கணக்கு விட்டால் கண்ணைச் சுருக்குவாளே, அப்படிப் பார்த்தாள். சில்லைத் தாண்டி, எனக்குப் பின்னால் சுவரில் சாத்தியிருந்த சைக்கிளையும் பார்த்தாள்.

"பின்னுக்கு ஆள் இருக்கிற கரியர் எங்க?" என்று கேட்டாள்.

"இதுக்குக் கரியர் பூட்டேலாது."

"அப்ப தம்பி எதில இருக்கிறது?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பாவைக் கூப்பிட்டு அதைச் சொன்னேன், அவரும் சிரித்தார். கணக்கில் என்னைவிட எவ்வளவோ கெட்டிக்காரியான என் மச்சாளுக்குச் சைக்கிளைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை என்று அன்று நினைத்துக்கொண்டேன்.