அம்மா முதலில் தின்ற கீரை

நோர்வூட் கடைத்தெருவில் ஒருத்தி வல்லாரையை உதறிக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பச்சை வாசனைக்கு என் கால் நின்றுவிட்டது.

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளில், லயத்தில், ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள எங்களுக்குக் கறி என்றால் கீரைதான். கொழுந்து எடுத்துவிட்டு வரும்போது அம்மா தேயிலைக்கு அடியில் முளைத்த வல்லாரையை மடி நிறையப் பறித்துவருவாள். கொழுந்தில் கொப்புள நோய் வந்த வருடங்களில் தோட்டத்தில் நீல மருந்து அடித்தார்கள். அது கீரையிலும் படிந்தது.

ஒருநாள் ரொட்டியும் கீரையும் தின்ற தங்கச்சி செல்லம் விடாமல் வாந்தி எடுத்தாள்.

"மருந்து பட்ட கீரையப் பறிக்காதன்னு சொன்னேன்ல?" என்றாள் பக்கத்து வீட்டு ராமாயி அக்கா.

"நல்லா கழுவுனேங்கக்கா. வெறும் ரொட்டிய புள்ள எப்படித் திங்கும்?" என்றாள் அம்மா.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்த யாழ்ப்பாணத்து ஐயா மருந்து கலக்கிக் கொடுத்தார். "கீரையோ, பழுதான மாவோ, எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

செல்லம் பிழைத்தாள். வேறு கறி இல்லாததால் கீரையும் தொடர்ந்து வந்தது. ஆனால் அம்மா முதலில் தான் தின்பாள். பிறகு வாசலில் உட்கார்ந்து எங்களுக்குப் பேன் பார்ப்பாள். அவள் வயிறு சும்மா இருந்தால்தான் எங்களுக்குத் தட்டு வரும்.

"இன்னும் ஒண்ணும் ஆகலயாம்மா?" என்று பசியில் கேட்பேன்.

"ஆகணும்னு வேண்டிக்கிட்டு இருக்கியாடா?" என்று சிரிப்பாள்.

செல்லத்தின் பேத்தி இப்போது உணவு விஞ்ஞானம் படிக்கிறாள். சமைக்கவா பட்டம் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்கிறார்கள். பயிருக்கு அடிக்கும் மருந்து தட்டுக்கு எவ்வளவு வருகிறது என்று அதைப் படித்தவர்கள் சோதித்துச் சொல்வார்களாம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஊர் சுற்றியவன் நான். எனக்கு அந்தப் படிப்பு உடனே புரிந்தது. எங்கள் லயத்தில் அந்த வேலையை அம்மாவின் வயிறு செய்தது.