பஸ்ஸில் வாங்கிய திட்டு

நேற்றுக் காலை மலையடிவாரத்துக் காரவள்ளி தாண்டி மூன்றாவது வளைவில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஒரு புதுக் கார் ஏற முடியாமல் முக்கிக்கொண்டிருந்தது. கிளட்ச் கருகும் நாற்றம் ஜன்னல் வழியாக வந்தது. உள்ளே கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தவர் எங்கள் ஆபீஸ்காரர். எனக்குச் சந்தோஷம். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"நீயும் ஒரு காரு வாங்கித் தொலைய வேண்டியதுதானே" என்று தினமும் கேட்கிறவர் அவர். என்னைக் கஞ்சன் என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

நான் கொல்லிமலைக்கு லைன்மேனாக வந்த புதிதில் வாத்தியார், நர்ஸ், கிராம ஆபீஸர், நான் எல்லோரும் இந்தக் காலை பஸ்ஸில்தான் ஏறுவோம். அரிசி மூட்டைக்கும் உரமூட்டைக்கும் நடுவே இடம் பிடிக்க வேண்டும். எட்டாவது வளைவில் எனக்கு வாந்தி வரும். நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டு எலுமிச்சம்பழம் தருவார். மேலே சோளக்காடு ஸ்டாப்பில் சனம் ஏறியதும் கச்சேரி ஆரம்பமாகும்.

"ஏனுங்க வாத்தியாரே, எம்புள்ளைக்கு இன்னும் எழுத்துக்கூட்ட வரலயே, நீங்க அங்க போயித் தூங்கறீங்களா?"

மரவள்ளி போடுகிற பாப்பாத்தி என்னைப் பிடித்துக்கொள்வாள். "லைன்மேனு சார், எங்க ஊட்டுக்குக் கரன்ட்டு விருந்தாளியாட்டம் வந்துட்டுப் போவுதுங்க. சோறு போட்டு உக்கார வெக்கட்டுமா?"

பஸ்ஸே சிரிக்கும். தப்பிக்க முடியாது. அன்றைக்கே போய்ச் சரிசெய்தாக வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் மானம் போகும். மலைச் சனத்துக்கு அந்த பஸ்தான் ஆபீஸ்.

வாத்தியார்தான் முதலில் தாங்காமல் கார் வாங்கினார். என்னையும் கூப்பிட்டார். நானும் பல்லை இளித்துக்கொண்டு போனேன். முன் சீட்டு. வாந்திகூட வரவில்லை. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

பதினைந்து நாள் அப்படிப் போனது. அந்தப் பதினைந்து நாளும் பாப்பாத்தி பஸ்ஸில் என்னைத் தேடியிருக்கிறாள். அவள் மரவள்ளிக் காட்டில் கரன்ட் கம்பி தாழ்ந்து தொங்கியிருக்கிறது. எங்கள் ஆபீஸ் வாசலை அவள் மிதித்ததே இல்லை. பஸ்ஸில் சொன்னால் போதும் என்றுதான் பழகியிருந்தாள். பதினாறாம் நாள் கம்பி அறுந்து அவளுடைய சினை மாட்டின் மேல் விழுந்தது.

நான் போய் நின்றபோது அவள் கத்தவில்லை.

"தெனமும் பாத்தனுங்க சாமி. நீங்க காருல போறதாச் சொன்னாங்க."

மறுநாளே பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. செத்த மாடு எழுந்துவிடவில்லை.

பிறகு நர்ஸ் கார் வாங்கினார், கிராம ஆபீஸர் வாங்கினார். சம்பளம் கொடுக்கிற சனத்தின் முகத்தைப் பார்க்கப் பயந்து கண்ணாடிக்குள் ஒளிந்துகொண்ட கோழைகள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்று இந்த பஸ்ஸில் அரசாங்கச் சம்பளக்காரன் நான் ஒருத்தன்தான். சனம் ஏறுகிறது, போனைப் பார்க்கிறது, இறங்கிப் போகிறது. எவனும் எவனையும் கேள்வி கேட்பதில்லை.

பாப்பாத்தியும் ஏறுகிறாள். "கரன்ட்டு ஒழுங்கா வருதாம்மா?" என்று நானாகவே கேட்பேன்.

"வருதுங்க" என்பாள். வராத நாளிலும் அதேதான்.