அமாவாசையன்று நின்ற மிதி

போன மாதம் முசரவாக்கத்தில் நண்பர் ஒருவரின் ஆட்டுக்கொட்டகைக்குப் போயிருந்தேன். அவர் மகன் ஒரு நோஞ்சான் குட்டியை மடியில் போட்டுக்கொண்டு, தலைமுடி காயவைக்கும் டிரையரால் அதற்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தான். ரோஸ் நிற டிரையர். பெண்டாட்டிக்குத் தெரியாமல் எடுத்து வந்திருப்பான் போல. வேலை முடிந்து நிறுத்தியதும் குட்டி தலையைத் தூக்கிக் கத்தியது. சூடில்லாமல் வெறுங்காற்றில் மறுபடி ஓடவிட்டான். அடங்கிப் படுத்துக்கொண்டது.

"சவுண்டு கேட்டாத்தான் சார் தூங்குது. பழகிக்கிச்சு" என்றான்.

அதற்குமேல் அங்கே உட்கார என்னால் முடியவில்லை. நண்பர் காபி போடச் சொல்லியிருந்தார். வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

எங்கள் அப்பா பட்டு நெய்தவர். கொல்லையில் வெள்ளாடுகளும் உண்டு. தறி அப்பாவுடையது, ஆடுகள் அக்காவுடையவை, இரண்டுக்கும் நடுவில் சமையற்கட்டு அம்மாவுடையது. எனக்கென்று வீட்டில் எதுவும் இல்லாததால் நான் காந்தி ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பெண்கள் முன்னால் புடவையை விரித்துக் காட்டும் வேலை. காலையில் ஆட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு வரும் கையில் என்ன வாடை இருக்கும், சொல்லுங்கள். முதலாளியே ஒருநாள் சோப்பு வாங்கிக் கொடுத்தார். நான் அதை அன்பளிப்பு என்று நினைத்து நன்றி சொன்னேன்.

மார்கழிப் பௌர்ணமி கழிந்த ஒரு காலையில் செவலை என்கிற ஆடு மூன்று குட்டி போட்டது. முதல் இரண்டையும் அது நக்கிக்கொண்டிருக்க, மூன்றாவது பனியில் ஈரத்தோடு விறைத்துக் கிடந்தது. அக்கா அப்பாவைக் கூப்பிட்டாள். வேறு வீடாக இருந்தால் கோணியையோ பழைய வேட்டியையோ தேடியிருப்பார்கள். அப்பா நெசவாளி. தறியில் அறுந்துபோகும் பட்டு இழைகளை அவர் ஒரு பையில் சேர்த்து வைப்பது வழக்கம். அதைக் கொண்டுவந்து கொட்டி, குட்டியை அழுந்தத் துடைத்து, அதிலேயே சுற்றிவிட்டார். பட்டுக்கு மிஞ்சிய கதகதப்பு உலகத்தில் கிடையாது என்பது அவர் கட்சி. குட்டிக்கு உயிர் வந்தது என்னவோ உண்மை. மத்தியானத்துக்குள் எழுந்து நின்றுவிட்டது. "பொழச்சா இது விக்கறதுக்கில்ல, உன்னுதும்மா" என்று அக்காவிடம் சொன்னார். அக்காவுக்கு அன்று சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

ஆனால் தாயிடம் விட்டபோது செவலை முகர்ந்து பார்த்துவிட்டு முட்டித் தள்ளியது. ஆட்டுக்குப் பிள்ளை என்றால் வாடைதான். தன் வாடையைத் துடைத்தெடுத்துச் சாயமும் பட்டும் மணக்க வந்து நிற்கும் குட்டியை அது யார் வீட்டுப் பிள்ளையோ என்று நினைத்துவிட்டது. உப்பைத் தடவி நக்கவிட்டுப் பார்த்தோம். கொம்பைப் பிடித்து நிறுத்தி மடியில் வாய் வைக்கவும் பார்த்தோம். எனக்குக் கிடைத்தது முழங்காலில் ஓர் உதை. பாலைக் கறந்து, என்னை வளர்த்த அதே பாலாடையில் அக்கா புகட்டினாள்.

எங்களுடையது குழித்தறி. அப்பா பள்ளத்தில் கால்விட்டு உட்கார்ந்து மிதியை மிதிப்பார்; குறுக்கிழை கொண்டுபோகும் நாடாவைக் கையால் ஓட்டுவார். கொல்லையில் பனி என்பதால் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் கூடை வைத்து, குட்டியை அதில் படுக்கவைத்தோம். மிதி ஏறி இறங்கும் தடக் தடக்கில் அது கண்ணை மூடும். அப்பா சாப்பிட எழுந்தால் கத்தும். மிதி ஓடும்போதுதான் பாலும் இறங்கும். அக்கா குனிந்து பாலாடையை நீட்ட, அப்பா அதற்கேற்ப மெதுவாக மிதிப்பார். எங்களிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனுஷன், "குடிம்மா, குடிச்சுக்கம்மா" என்று கொஞ்சிக்கொண்டே நெய்வதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அப்படியே தை அமாவாசை வந்தது. அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. அதுவும் தை அமாவாசை, செத்தவர்களுக்குப் படையல் போடும் நாள். அன்று மிதிப்பது அவர்கள் நெஞ்சில் மிதிப்பது என்பார்கள்.

குட்டிக்கு முந்தின நாளே கழிச்சல் கண்டிருந்தது. காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. பாலாடையை வைத்தால் பால் கடைவாயில் வழிந்தது. நான் மத்தியானம் சாப்பிட வந்தபோது அக்கா அப்பா முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"கொஞ்சம் மிதிப்பா. நாடா ஓட்ட வேணாம், சும்மா மிதி. சத்தம் கேட்டா குடிச்சிக்கும்."

"தெருவே நிறுத்தி வெச்சிருக்குது. எங்க அப்பனுக்குச் சோறு வெச்ச கையோட நான் எப்படிமா மிதிக்கிறது?"

"குட்டிக்கு அமாவாசை தெரியுமாப்பா?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாகத் தறியில் உட்கார்ந்து மிதித்தார். கூடையில் அசைவில்லை.

மிதிக்காததால்தான் செத்ததா, கழிச்சலில் செத்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்காவுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. அப்பாவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். தட்டை வைப்பாள், தண்ணீர் வைப்பாள், வாய் திறக்கமாட்டாள்.

அடுத்த அமாவாசை மத்தியானம் நான் வந்தபோது தெரு ஓய்ந்து கிடந்தது. எங்கள் வீட்டில் மட்டும் தடக் தடக். அப்பா வெறும் மிதியை மிதித்துக்கொண்டிருந்தார். நாடா ஓரத்தில் கிடந்தது. கூடை இருந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரர் வந்து விசாரிக்க, கயிறு சரிபார்க்கிறார் என்று அம்மா சமாளித்தாள். அக்கா கொல்லைக் கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டு நின்றாள். உள்ளே வரவில்லை.

முசரவாக்கத்திலிருந்து திரும்பியதும் மாகறலில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்து டிரையர் கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"அன்னிக்கு நான் உள்ள போயி, போதும்பான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்டா" என்றாள்.

அப்பா இல்லை. அந்த வீடும் கைமாறிவிட்டது. வாங்கியவர்கள் பள்ளத்தை மண் கொட்டி மூடி, டைல்ஸ் போட்டு, மேலே பீரோவை நிறுத்தியிருக்கிறார்கள். இனி எங்கே போய் அந்த ஒரு வார்த்தையைச் சொல்வது?

வெறும் மிதியை மிதித்த அன்று அப்பா எப்போது நிறுத்தினார் என்றுகூட எனக்குத் தெரியாது. கடைக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டேன். தெருமுனை திரும்பும்வரை அந்தத் தறி கேட்டுக்கொண்டிருந்தது.